கறையான் அரித்த நானூறு புத்தகங்கள்

லோரி வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது. புதன்கிழமையே வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை எனக்கு போர்ட்ல லோடு இருக்கு டீச்சர். இன்னிக்கே ஏத்திக்கிறேன்" என்றார் பழைய பேப்பர் எடுக்கும் லோரிக்காரர் அய்யாவு.

புனிதா தயங்கினார். கிள்ளான் பக்கத்தில் இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியில் அவர்தான் நூலகப் பொறுப்பாசிரியை. நடைபாதையில் அடுக்கியிருந்த பெட்டிகளில் கறையான் அரித்த நானூற்றுச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. அவற்றைக் கழிப்பதற்கான அனுமதிப் படிவத்தில் தலைமையாசிரியர் இன்னும் கையெழுத்திடவில்லை. அவர் மூன்று நாள் பயிற்சிக்காக ரவாங் போயிருந்தார். எப்படியும் வந்ததும் போடத்தானே போகிறார், அதற்குள் கறையான் மறுபடியும் நூலகத்துக்குள் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்த புனிதா, "சரிண்ணே, ஏத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புத்தகங்களைப் புனிதா ஒருவராகப் பிரித்தெடுக்கவில்லை. ஜனவரியில் மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் கிரிகரி, முதல் வாரமே நூலகத்தைத் திறக்கச் சொன்னார். அடித்தட்டிலிருந்து அவர் உருவிய புத்தகம் கையிலேயே மண்ணாக உதிர்ந்தது. "எது வேணும், எது வேணாம்னு நீங்க சொல்லுங்க டீச்சர். அதுக்கு நேரம் கெடைக்க நான் வழி பண்றேன்" என்றார். சொன்னபடியே, விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்புகளுக்குப் புனிதாவை அனுப்புவதை நிறுத்தினார். பள்ளி முடிந்ததும் அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து தூசி தட்டினார். மூன்று வாரம் இருவரும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள்.

லோரி போன ஒரு மணி நேரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. லோரியில் பெட்டிகள், ஒன்றின் மேல் பள்ளி முத்திரையோடு ஒரு கதைப் புத்தகம். போட்டவர் நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா வாணி. 'நம்ம பிள்ளைங்க புத்தகத்தப் பழைய பேப்பருக்குப் போடுறாங்க. யாரைக் கேட்டு?' அதன் கீழே அறுபது பதில்கள். கல்வி இலாகாவுக்கு எழுதப்போவதாக ஒருவர் சொல்லியிருந்தார். நாளை காலை நேரில் வருகிறோம் என்றார்கள் சிலர்.

புனிதா கிரிகரிக்குப் போன் செய்தார். போன் அணைத்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது: 'நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வரேன். லோரிக்காரர் நம்பர் அனுப்புங்க.' அவ்வளவுதான். கோபமா இல்லையா என்று அதில் தெரியவில்லை. புனிதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பள்ளிக்கு வந்தபோது, அய்யாவு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். போர்ட் கிள்ளானில் லோரியிலிருந்து இறக்குவதற்குள் கிரிகரி அவரைப் போனில் பிடித்துவிட்டாராம். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

கிரிகரி புனிதாவைத் தனியே அழைத்தார்.

"கையெழுத்து இல்லாம அனுப்பினது தப்பு டீச்சர்."

"தப்புத்தான் சார்."

"நானும் போட்டுட்டுப் போயிருக்கணும். போடல. ஆனா இந்தப் புத்தகங்களக் கழிக்கிறது நாம ரெண்டு பேரும் எடுத்த முடிவு. அதுக்கு நீங்க மட்டும் பதில் சொல்ல வேணாம்."

புனிதாவுக்குக் கண் கலங்கியது. பட்டியலை எடுத்துவர நூலகத்துக்குப் போனார்.

ஏழெட்டுப் பெற்றோர் வந்தார்கள். முன்னால் வாணி. கிரிகரி அவர்களை அலுவலகத்துக்கு அழைத்துப் போகவில்லை; நேராகப் பெட்டிகளிடம் கூட்டிவந்தார்.

"நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால இது வெளிய போனது எங்க தப்பு. அதான் திருப்பி வாங்கிட்டோம். எதுக்குக் கழிக்கிறோம்னு நீங்களே பாருங்க."

வாணி ஒரு பெட்டியைத் திறந்து மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார். நடுப்பக்கமெல்லாம் ஓட்டை. கறையான்கள் அவர் விரலில் ஏற, புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கையை உதறினார். "அய்யோ! இதையா என் பிள்ள தொட்டுப் படிச்சா?"

புனிதா பட்டியலை நீட்டினார். ஒவ்வொரு புத்தகத்தின் பேர், அதற்கு எதிரே காரணம். பக்கம் பக்கமாக அவர் எழுதியதும் கிரிகரி எழுதியதும் மாறி மாறி இருந்தன. பிறகு நூலகத்தைத் திறந்து, நல்ல புத்தகங்கள் மருந்தடித்த தட்டுகளில் பத்திரமாக இருப்பதைக் காட்டினார்.

வாணி பட்டியலைக் கடைசிவரை புரட்டினார். "இத முன்னாடியே குரூப்ல போட்டிருந்தா நாங்க ஏன் டீச்சர் சத்தம் போடப்போறோம்?"

"போட்டிருக்கணும். எனக்குத் தோணல."

"சரி லா. நானும் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்." வாணி அங்கேயே நின்று தன் படத்தை அழித்தார். பட்டியலைப் படம் பிடித்துப் போட்டு, 'நேர்ல பாத்துட்டேன். கறையான்தான். கழிக்கிறதுதான் சரி' என்று எழுதினார். இலாகாவுக்கு எழுதுவதாகச் சொன்னவர், கறையான் மருந்து எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அய்யாவு மறுபடி லோரி கொண்டுவரும்வரை பெட்டிகளைப் பின்னாலிருந்த கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். கிரிகரி படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புனிதாவிடம் கொடுத்தார். இருவரும் கேண்டீனுக்கு நடந்தார்கள்.

"காலியான தட்டெல்லாம் இருக்கே டீச்சர், அதுல என்ன வைக்கலாம்?"

"நாளைக்கு யோசிக்கலாம் சார்" என்றார் புனிதா. இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு எடுத்துக்கொண்டார், இரண்டும் தனக்குத்தான். "நேத்து மத்தியானத்துலேருந்து நான் ஒண்ணுமே சாப்பிடல."