இருபது தோட்டா, இருபத்தியொரு மருந்து

அக்கா, முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அம்மாகிட்ட எதையும் சொல்லிடாத. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரி பார்க்கிங்லதான் டாரலோட வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன். இன்னைக்கு டூட்டி இல்ல. உள்ள லியோனாவோட வலது கண்ணைப் பாத்துக்கிட்டிருக்காங்க. அந்தக் கண்ணு தப்பிக்குமா இல்லையான்னு இன்னும் தெரியல. காரணம் நான்தான். டைப் பண்ண விரல் நிக்க மாட்டேங்குது, அதான் பேசியே அனுப்புறேன். முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்க.

லியோனா யாருன்னா, எங்க வீட்டுக்காரம்மா. நான் அவங்க வீட்டுக்கு அடியில இருக்கிற ரூம்லதான நாலு வருஷமா குடியிருக்கேன். டாரல் அவங்க புருஷன். கவுன்ட்டி, அதான் நம்ம மாவட்டம் மாதிரி, அந்த ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டுறாரு. அவருக்குத் துப்பாக்கி மேல பெரிய ஆசை கிடையாது. வேட்டைக்காரங்க லியோனாதான். எல்க்னா குதிரை உசரத்துக்கு ஒரு மான், பெரிய கொம்பு இருக்கிற ஒண்ணை இங்க ஒரு பள்ளத்தாக்குல அடிக்கணும்னா அரசாங்கக் குலுக்கல்ல பேரு வரணும். பதினோரு வருஷம் போட்டுப் போட்டு இந்த வருஷம்தான் அவங்களுக்கு விழுந்துச்சு.

அதுக்குன்னே செப்டம்பர்ல ஒரு துப்பாக்கி வாங்கினாங்க. நானும் கூடப் போனேன். கீழ இருக்கிற லீவர் வளையத்தைத் தள்ளி இழுத்தா அடுத்த தோட்டா ஏறும்ல, கௌபாய் படத்துல குதிரை மேல வச்சிருப்பாங்களே, அந்தக் காலத்து மாடல். நிஜமான பழசு வாங்கணும்னா வண்டியை வித்தாதான் முடியும். அதே மாதிரி இத்தாலியில புதுசா செஞ்சு அனுப்புறாங்க, அதுதான் வாங்குனது. மரம் அடர்த்தியா இருக்கிற இடத்துல கிட்டக்கப் போய்தான் சுடணும், தூரமெல்லாம் வேணாம், இது போதும்னாங்க.

கடையிலயே டாரல் ஆரம்பிச்சுட்டாரு. "துப்பாக்கி சரி, குதிரை எங்கடி?"

"அதுதான் இருபது வருஷமா என் சமையலைத் தின்னுக்கிட்டு நிக்குதே"ன்னாங்க லியோனா. கடைக்காரரு சிரிச்சு சிரிச்சு இருமிட்டாரு.

எனக்குப் பித்தளை மினுமினுக்கிற மாடல்தான் பிடிச்சிருந்துச்சு. லியோனா அதைக் கையில வாங்கி ரெண்டு தடவை லீவரை ஆட்டிப் பாத்துட்டு வச்சுட்டாங்க. "இது உள்ள முழங்கால் மாதிரி மடங்குற கட்டு, தம்பி. சாதுவான தோட்டாவுக்குத்தான் ஆகும். அந்தா இருக்கே கறுப்பு, அதுல ரெண்டு பக்கமும் எஃகுத் தாழ்ப்பாள்"னு சொல்லி அதையே எடுத்தாங்க.

ஆனா அவங்களுக்குப் போன வருஷம் தோள்பட்டையில ஆபரேஷன். கடையில விக்கிற தோட்டா உதைக்கிற உதையைத் தாங்க முடியாது. அதனால வீட்டுலயே வெடிமருந்தைக் குறைச்சு அளந்து போட்டுத் தோட்டா செஞ்சுக்கணும். இங்க பாதி வீட்டுல கராஜ்ல அதுக்கு ஒரு மேஜை இருக்கும். தோட்டாவை அழுத்துற மெஷினோட கைப்பிடியைக் கீழ இழுக்க அவங்க தோளு ஒத்துழைக்கல. "நான் போட்டுத் தர்றேன்"னு நானே போய் நின்னேன். ஆஸ்பத்திரி லேப்ல மில்லிகிராம் கணக்குல அளக்குறவன் நான், இது என்ன பெரிய விஷயம்னு ஒரு திமிரு.

வேலை இதுதான் அக்கா. சுட்டு முடிச்ச பித்தளைக் குப்பியைக் கழுவி, அடியில, ஊசி அடிச்சா பொறி பறக்கிற புதுக் கேப்பு வச்சு, மருந்து கொட்டி, மேல ஈயக் குண்டை அழுத்தணும். குண்டு மூக்கு தட்டையாத்தான் இருக்கணும். இந்தத் துப்பாக்கியில குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும், கூரா இருந்தா முன்னாடி இருக்கிறதோட கேப்பைக் குத்தி உள்ளயே வெடிச்சிரும். அதெல்லாம் பாத்துப் பாத்துத்தான் வாங்கினோம். ஆபத்து இருந்தது வேற இடத்துல. குப்பி பெருசு, நாங்க போடுற மருந்து கம்மி. பாதி கூட நிறையாது. ஒரே குப்பியில தெரியாம ரெண்டு தடவை கொட்டினாலும் வழியாது. உள்ள அமைதியா உக்காந்துக்கும்.

அதுக்காக லியோனா ரெண்டு சட்டம் வச்சிருந்தாங்க. நடுவுல யாராவது கூப்பிட்டா, கதவு தட்டினா, எது நடந்தாலும், மருந்து கொட்டின எல்லாக் குப்பியையும் திருப்பி டப்பாவுல கவுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கடைசியில குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு இருபது குப்பியும் ஒரே மட்டமா இருக்கான்னு பாக்கணும்.

நேத்து சாயங்காலம் நான் பதினொண்ணோ பன்னெண்டோ கொட்டியிருப்பேன், அப்பதான் நீ கூப்பிட்ட, கல்யாண மண்டபம் விஷயமா. உன்மேல குத்தமே இல்ல, தயவு செஞ்சு அப்படி நினைக்காத. பேசி முடிச்சதும் திரும்பி வந்து, எங்க விட்டேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னு நினைச்சுட்டுத் தொடர்ந்தேன். கவுக்கல. முடிச்சதும் டாரல் மேல இருந்து கத்துறாரு. "டேய், சில்லிக் குழம்பு ஆறுது! ரொட்டிச் சுருளை நானே தின்னுருவேன், அப்புறம் அழாத!" டார்ச் எடுக்காமலே குண்டை வச்சு அழுத்திட்டேன். இருபதையும்.

காலையில அஞ்சு மணிக்கு லியோனா கிளம்பிட்டாங்க. டாரலுக்கு இருமல். "நீ இருமுனா அடுத்த கவுன்ட்டி எல்க் வரைக்கும் ஓடிரும், வீட்டுல கிட"ன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. இருபதுல எட்டு தோட்டா எடுத்துக்கிட்டாங்க.

எட்டரைக்கு நான் மேஜையைத் துடைக்கப் போனேன். மருந்து டப்பாவைத் தராசுல வச்சேன். ஆரம்பிக்கும்போது வச்சு எழுதியிருந்தேன், அது லேப் பழக்கம். இப்ப மறுபடி வச்சா, இருபதுக்குக் குறைய வேண்டியதை விட ஒரு தோட்டா அளவு கூடக் குறைஞ்சிருக்கு. மூணு தடவை வச்சேன். தரையில டார்ச் அடிச்சுப் பாத்தேன், எங்கயாவது சிந்தியிருக்கான்னு. ஒரு பொட்டு இல்ல.

எடை போட்டே கண்டுபிடிச்சிரலாம்ல, ரெட்டை மருந்து இருக்கிறது கனமா இருக்குமேன்னு கேப்ப. குப்பி ஒண்ணொண்ணும் ஒரு கம்பெனி, குண்டு லியோனா வீட்டுல உருக்கி ஊத்துனது. அதுலயே மருந்து அளவுக்குக் கூடக் குறைய இருக்கும். பிரிச்சுப் பாக்குறது ஒண்ணுதான் வழி. அதுக்கு ஒரு சுத்தியல் இருக்கு, அதோட தலைக்குள்ள தோட்டாவைச் சொருகித் தரையில ஓங்கி அடிச்சா குண்டு கழண்டு மருந்து கொட்டும்.

வீட்டுல மிச்சம் பன்னெண்டு. ஒண்ணொண்ணா அடிச்சேன். நான் செஞ்ச தப்பு என் கையிலயே கிடைச்சிரணும்னு வேண்டிக்கிட்டே அடிச்சேன். முதல் தோட்டா சரியா இருந்துச்சு. ரெண்டாவதும் சரியா இருந்துச்சு. ஒவ்வொண்ணு சரியா இருக்கும்போதும் மிச்சம் எத்தனைன்னு எண்ணிப் பாத்தேன். பதினொண்ணாவதும் சரி. பன்னெண்டாவதும் சரி.

அப்ப அது அவங்க எடுத்துட்டுப் போன எட்டுல இருக்கு.

மாடிக்கு ஓடினேன். டாரல் தோசைக் கல்லுல பேன்கேக் திருப்பிக்கிட்டிருந்தாரு. சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு ஞாபகமே இல்ல. அவரு கரண்டியை வச்சுட்டு அடுப்பை அணைச்சாரு. "வெளிச்சம் அடிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"போன் வந்தப்ப கவுத்தியா?"

"இல்ல டாரல்."

வண்டிச் சாவியை எடுத்தாரு. லியோனா போன இடத்துல போன் சிக்னல் கிடையாது. நாப்பது நிமிஷம் பனி ரோடு. நானாத்தான் வாயைத் திறந்தேன். "அது பலமான மாடல்தான? ரெண்டு தாழ்ப்பாள்..."

"எவ்வளவு பலம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. வாயை மூடிக்கிட்டு வா."

அவங்க வண்டி மலையடிவாரத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. கால்தடம் மேல போகுது, மரத்துக்குள்ள. எந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? டாரல் டேஷ்போர்டுல இருந்து கைத்துப்பாக்கியை எடுத்தாரு. இங்க அதுதான் வழக்கம் அக்கா, மூணு வெடி வெடிச்சா ஆபத்துன்னு அர்த்தம். கேக்குறவங்க ஒரு வெடி பதில் போடணும், அதை வச்சுத் திசை கண்டுபிடிச்சுப் போவாங்க.

நான் அவர் மணிக்கட்டைப் பிடிச்சுட்டேன். "வேணாம்! அவங்க பதில் சுடுவாங்க! அந்தத் துப்பாக்கியிலதான் சுடுவாங்க!"

டாரல் முகம் வெளுத்துப் போச்சு. கைத்துப்பாக்கியைச் சீட்டுல போட்டுட்டாரு. "ஹாரன். ஹாரன் அடிப்போம். மிருகமெல்லாம் ஓடிரும். எந்த மானையும் சுட மாட்டா, கோவத்துல இறங்கி வருவா. வந்து என்னைக் கொல்லட்டும்."

நல்ல யோசனைன்னுதான் நானும் நினைச்சேன். டாரல் ஸ்டியரிங்ல உள்ளங்கையை வச்சு நீளமா அடிச்சாரு. பத்து செகண்ட் விட்டு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கையை எடுத்துட்டு என்னைப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுது. மூணு.

"கடவுளே"ன்னாரு டாரல். அழுத்திக்கிட்டே இருந்தா மூணாத் தெரியாதுன்னு அவசரமா மறுபடி ஹாரன் மேல கையை வச்சாரு. அதுக்குள்ள மேல இருந்து வெடிச்சுது.

நான் எத்தனையோ வெடிச் சத்தம் கேட்டிருக்கேன் இங்க. இது அது மாதிரி இல்ல. பள்ளத்தாக்கே கதவை அறைஞ்ச மாதிரி. அப்புறம் ஒண்ணுமே இல்ல. மரத்துல இருந்து பனி உதிர்ற சத்தம் மட்டும்தான்.

ஓடினோம். டாரல் இருமிக்கிட்டே ஓடுறாரு, பேரைச் சொல்லிக் கத்துறாரு, கத்த முடியாம இருமுறாரு. முழங்கால் வரைக்கும் பனி. எதைப் பாக்கப் போறோமோன்னு, நான் ஆஸ்பத்திரியில பாத்த காயமெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணு முன்னாடி வருது.

ஒரு பாறைக்குக் கீழ உக்காந்திருந்தாங்க. உசுரோட. துப்பாக்கி மடியில. வலது பக்க முகமெல்லாம் கரி, புருவத்துல இருந்து ரத்தம் கண்ணுக்குள்ள வழியுது, அந்தக் கண்ணைத் திறக்கல. இன்னொரு கண்ணால எங்களைப் பாத்தாங்க.

"நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க?"ன்னாங்க. "மூணு ஹாரன் கேட்டுச்சே. வண்டி கவுந்து மாட்டிக்கிட்டீங்களோன்னு, நான் இங்க இருக்கேன்னு தெரியட்டும்னு மண் மேட்டுல ஒண்ணு போட்டேன். என்ன உதை உதைச்சுது! லீவர் இறங்க மாட்டேங்குது பாரு."

டாரல் பனியில மண்டி போட்டு கைக்குட்டையால அவங்க புருவத்தை அழுத்திப் பிடிச்சாரு. நான் துப்பாக்கியை வாங்கிப் பாத்தேன். குப்பி உள்ளயே வீங்கி இறுகிக் கிடக்கு. கேப்பு பிய்ஞ்சு போய் அந்த ஓட்டை வழியா சூடும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாப் பீய்ச்சியிருக்கு, அவங்க முகத்துல.

நாங்க ஹாரனே அடிக்காம இருந்திருந்தா அவங்க அதைச் சுடாமலே இருந்திருப்பாங்களா, இல்ல எல்க்கைப் பாத்து அதையே சுட்டிருப்பாங்களா, எனக்குத் தெரியல. வர்ற வழியெல்லாம் அதையே யோசிச்சேன். கீழ இறங்கும்போது அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். போன் வந்தது, கவுக்காதது, டார்ச் அடிக்காதது. அவங்க காலடியைப் பாத்து இறங்கிக்கிட்டே கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

உள்ள போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. என் கூட வேலை பாக்குறவங்களே பாக்குறாங்க. எனக்கு அந்தக் கதவு வழியாப் போக தைரியம் இல்ல. குருடாயிட்டா? டாரலுக்கு என்ன சொல்லுவேன்? நான் எங்க போவேன் அக்கா?

இரு. அவங்க வர்றாங்க. ரெண்டு பேரும் நடந்துதான் வர்றாங்க. கண்ணுல கட்டு இருக்கு.

அக்கா, துணுக்கு இமையோட நின்னுருச்சாம். கருவிழியில சின்னக் கீறல்தானாம். மூணு நாள்ல மறுபடி வரச் சொல்லியிருக்காங்க, பார்வைக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம். லியோனா முன் சீட்டுல ஏறிட்டாங்க. திரும்பி என்னைப் பாக்காமலே பேசுறாங்க.

"மிச்சம் ஏழு தோட்டா டாரல் பாக்கெட்டுல இருக்கு. வீட்டுக்குப் போனதும் என் கண்ணு முன்னாடி பிரிக்கிற. ஏழையும்."

"சரி."

"என் மேஜையை இனிமே நீ தொட வேணாம் தம்பி."

"சரி லியோனா."

டாரல் வாயைத் திறந்தாரு. "அவன் சின்னப் பையன்டி..."

"மூணு ஹாரன் அடிச்ச அறிவாளி பேசாத."

டாரல் சாவியைத் துவாரத்துல விட முடியாம ரெண்டு தடவை கீழ போட்டுட்டாரு. என்னை ஓட்டுன்னாரு, என் கையைக் காட்டினேன், சாவியை டேஷ்போர்டுல வச்சுட்டாரு. லியோனாவை டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. அதனால பார்க்கிங்லயேதான் உக்காந்திருக்கோம், இஞ்சினைக் கூடப் போடாம.

லியோனா கேக்குறாங்க, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கன்னு. எங்க அக்காகிட்டன்னேன். என்ன சொல்றன்னு கேட்டாங்க. உங்க கண்ணைப் பத்தின்னேன்.

"ரெண்டும் இருக்குன்னு சொல்லு"ன்றாங்க.

ரெண்டும் இருக்கு அக்கா.