மேகத்தை அளக்கப் புல் வேண்டும்

எங்கள் வானிலை நிலையத்து மொட்டைமாடியில் ஒரு கருவி இருக்கிறது. மேகத்தின் வழியாக இறங்கும் வெயிலைப் பார்த்து மேகத்தின் தடிப்பைச் சொல்லும். இதில் ஒரு சிக்கல். மேகம் சற்றுத் தடித்தால் உச்சி வானம் வெளுக்கும். இன்னும் தடித்தால் இருளும். ஆகவே ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு விடைகள் வரும். சரியான விடையைச் சுற்றிலும் உள்ள புல்தான் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறத்தைப் புல் மேலே அனுப்பும்; தடித்த மேகம் அதைத் திருப்பிக் கீழே தள்ளும். அதையும் கருவி பிடித்துக்கொள்ளும்.

இதை எனக்கு விளக்கியவள் என் தங்கச்சி. அவளுடைய ஆராய்ச்சிக்கு நான் எடுக்கும் அளவுகள்தான் ஆதாரம். மூன்று மழைக்காலம் வேண்டும். இரண்டு முடிந்தது. இந்த மூன்றாவதோடு அவளுக்குக் கொடுத்த கெடுவும் முடிகிறது.

நான்கு நாள் விடுப்பு முடிந்து திரும்பினேன். எட்டு ஏக்கர் புல்லையும் வேரோடு சுரண்டி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டியிருந்தார்கள். வேலிக்கு அப்பாலும் புல் கிடையாது, வெறும் தகரக் கூரைகள்.

"யாரைக் கேட்டு செஞ்சீங்க?" என்றேன் பராமரிப்பு மேற்பார்வையாளரிடம்.

"உங்களைக் கேட்டுத்தான் சார்." காகிதத்தை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாம்பு வருகிறது, புல்லை எடுத்துவிட்டு ஜல்லி போடவும் என்று நான் எழுதிய கடிதம். வரிசை எண்ணெல்லாம் போட்டிருந்தேன். நான்கு வருஷமாகப் பதில் வராததால் மறந்தே போயிற்று. வேண்டாம் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"மறுபடி புல் வேணுமே."

"அதுக்குத் தனியா எழுதுங்க சார். எங்க ஆபீஸ்ல வேலை நடக்காதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது பாருங்க."

மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள்.

"இன்னிக்கு என்ன அண்ணா?"

"மூணு. இல்லேன்னா பதினொண்ணு."

"என்ன, ஏலம் விடறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

சொன்னேன், கடிதம் உட்பட.

"பக்கத்து வீட்டுக்காரன் செஞ்சிருந்தாலாவது சண்டை போடலாம்," என்றாள்.

"நான் அண்ணாந்து பார்த்து ஒரு குத்துமதிப்பா…"

"வேண்டாம்ணா. கண்ணால பார்த்ததை எல்லாம் எழுத முடியாது."

"அப்ப கருவியை நிறுத்திடவா?"

"ஓடுதில்ல, ஓடட்டும். அனுப்பு."

தினமும் இரண்டு எண்களையும் அனுப்புகிறேன். 'வந்தது' என்று மட்டும் பதில் போடுகிறாள். மழைக்காலம் முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.