காம்பில் பூனைமுடி

ஊர்ப் பெரியவர் எனோமோத்தோ செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த கானாங்கெளுத்தி மீன் தேன்நிறத்தில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புகைமணம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"கனாயேவோட மரம்தான்மா. கட்டையைச் சும்மா மழையில போடுவானேன்னு மீனுக்குப் புகை போட்டேன்" என்றார்.

மிஸுஹோ மத்தியானத்துக்குச் சோற்று உருண்டைகளை ஊறவைத்த கடுகுக்கீரை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். ருசியாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டுக்குத்தான் கை போகவில்லை.

அந்த மரத்தை வெட்டச் சொன்னது அவள்தான். எனோமோத்தோவின் மகள் கனாயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று நட்ட மரம். கனாயே இப்போது ஒசாகாவில் இருக்கிறாள். மரம் போன செய்தி கேட்டதிலிருந்து அப்பாவின் போனை எடுப்பதில்லை.

மிஸுஹோவுக்கு நகராட்சியில் மரக் கணக்கெடுப்பு வேலை. குமானோ மலைகளில், மற்ற செர்ரிகளை எல்லாம் முந்திக்கொண்டு மார்ச்சிலேயே பூக்கும் ஒரு காட்டுச் செர்ரி உண்டு. காலங்காலமாக எல்லாரும் அதை மலைச்செர்ரி என்றே சொல்லிவந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆராய்ச்சியாளர்கள் வந்து பூவையும் இலையையும் அளந்து, இது தனி இனம் என்று சொல்லி, குமானோவின் பெயரையே வைத்துவிட்டுப் போனார்கள். இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. ஆனால் ஊருக்குள் வீட்டுக்கு வீடு நிற்பது சோமெய் யோஷினோ. அதற்குச் சொந்த மலை கிடையாது. இரண்டு இனம் கலந்து பிறந்த ஒரே ஒரு மரம், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. தேனீக்கள் அதன் மகரந்தத்தைக் காட்டு மரத்துக்குக் கொண்டுபோனால், அடுத்த தலைமுறை இரண்டுங்கெட்டானாகிவிடும். மிஸுஹோ வாசல் வாசலாகப் போய் இதைத்தான் சொன்னாள். முதலில் ரம்பத்தை எடுத்தவர் எனோமோத்தோ.

அவர் தேநீரை ஊதிக்கொண்டே, "உங்க சரிவுல ஒன்னும் இல்லைன்னு சொன்னியாமே, அது நல்லதாப்போச்சு. காட்டு மரம் கூட்டமா நிக்கிறதே அந்தப் பக்கம்தான்" என்றார்.

மிஸுஹோ அவர் தட்டில் இன்னோர் உருண்டையை வைத்தாள்.

சரிவில் ஒரு சோமெய் யோஷினோ இருந்தது. ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, அந்தப் பக்கம் நானே போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை என்று வாய்கூசாமல் சொல்லியிருந்தாள். அவள் டோக்கியோவிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மார்ச்சில், ஜன்னல் ஓரம் நின்று, இங்கிருந்து பார்த்தால் ஒரு செர்ரிகூடத் தெரியாதா என்று அழுதாள். எதிர்மலை முழுக்க வெளிர்சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. அவளுக்கு அது செர்ரி என்றே தெரியவில்லை. டோக்கியோவில் பூ என்றால் சோமெய் யோஷினோதான். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவன் தகாயுகி சிரிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு சோமெய் யோஷினோ ஒட்டுக்கன்றை முதுகில் கட்டிக்கொண்டு சரிவேறி, சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடமாகப் பார்த்து நட்டுவிட்டு வந்தான்.

எனோமோத்தோ போனதும் அவள் நேரே கொட்டகைக்குப் போனாள். தகாயுகி ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம மரத்தை வெட்டணும், தகா-சான். பூ விரியறதுக்குள்ள."

அவன் நிமிரவில்லை. "நம்ம நிலம்தானே அது. யார் அங்க வந்து பாக்கப் போறா?"

"தேனீ பாக்குமே."

அரம் நின்றது. இத்தனை நாள் தெரியாதா என்று கேட்டான். தெரியும் என்றாள். எனோமோத்தோவிடம் போய்ப் பேசியபோதே தெரியும். அவர் மரம் சாய்ந்த அன்று பக்கத்தில் நின்றபோதும் தெரியும்.

"நீ அழுதேன்னுதானே அதை நட்டேன்" என்றான், அரத்தைத் துணியில் துடைத்தபடி. "வெட்டினா அழ மாட்டியா?"

"அழுவேன். நீங்க அதைக் கண்டுக்காதீங்க."

மறுநாள் காலையில் ஏறினார்கள். மொட்டுகள் உப்பிச் சிவந்திருந்தன. வெயில் படும் கிளையில் மட்டும் இரண்டொன்று விரிந்துவிட்டன. சுற்றிலும் குமானோ செர்ரிகள் பூவாய் நின்றன. மிஸுஹோ தங்கள் மரத்தில் ஒரு பூவைக் கிள்ளி, அதன் காம்பைக் கீழுதட்டில் வைத்துத் தேய்த்தாள். பூதக்கண்ணாடியை மறந்த நாட்களில் அவள் பழகிக்கொண்ட வழி அது. குமானோவின் காம்பு வழவழப்பாக இருக்கும். இதில் பூனைமுடி பட்டு உதடு கூசியது. பூவுக்குத்தான் முத்தமா, எனக்கில்லையா என்று தகாயுகி வழக்கமாகக் கேலி செய்வான். அன்று நேரே ரம்பத்தைக் கிளப்பினான்.

மரம் சீக்கிரமே விழுந்தது. அவள் அழுதாள். அவன் கண்டுகொள்ளாமல் கிளைகளைக் கழித்தான்.

சுள்ளிகளை ஒதுக்கும்போதுதான், பக்கத்துக் காட்டு மரங்களின் அடியில் அந்தக் கன்றுகள் அவள் கண்ணில் பட்டன. விரல் கனத்தில், முழங்கால் உயரத்தில், அங்கங்கே செர்ரிக் கன்றுகள். தகாயுகியும் குனிந்து பார்த்தான்.

"இதெல்லாம் எந்த ஜாதி?"

"பூக்கணும். காம்பைப் பாத்தாத்தான் ஓரளவு சொல்ல முடியும்."

"பூக்க ரொம்ப நாளாகுமே."

எனோமோத்தோவின் மரம் சாய்ந்த அன்றே தங்கள் மரமும் சாய்ந்திருந்தால்கூட இந்தக் கன்றுகள் இங்கே இருந்திருக்கும். அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இல்லை.

கட்டைகளைச் சின்ன வண்டியில் ஏற்றி எனோமோத்தோ வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் வெளியே வந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். மரக்கட்டையோடு வாழ்ந்த மனிதர், அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"எங்கேருந்து?"

"எங்க சரிவுலேருந்து" என்றாள் மிஸுஹோ.

"என்னோடதை வெட்டும்போது இது நின்னுட்டா இருந்துச்சு?"

"ஆமா. நான்தான் மறைச்சேன். மன்னிச்சிடுங்க." இடுப்பை வளைத்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அவர் நிமிரு என்று சொல்லவில்லை. தகாயுகி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, நீ கட்டையை இறக்கு என்று அனுப்பிவிட்டார். கட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தத்தை அவள் குனிந்தபடியே கேட்டாள்.

"கட்டை நல்லாத்தான் இருக்கு, மீனுக்கு ஆகும்" என்றார் கடைசியில். "ஆனா எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? என் பொண்ணு நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. உன் நம்பர்னா எடுப்பா."

மிஸுஹோ நிமிர்ந்தாள். அவர் எண்ணைச் சொல்லச் சொல்லத் தன் போனில் அழுத்தினாள். ரம்பத்தூள் ஒட்டிய விரல் ஓர் எண்ணை மாற்றி அழுத்திவிட, அழித்துவிட்டு மறுபடி போட்டாள். எனோமோத்தோ பக்கத்திலேயே, கட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒசாகாவில் மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

"கனாயே-சான், நான் மிஸுஹோ பேசறேன்" என்றாள். "உங்கப்பா மேல தப்பு இல்லை."