மான் கல்லிலிருந்து நாலடி

எங்கள் ஊரில் என்னைச் சமையல்காரன் என்பார்கள். போர் நடந்த மூன்றரை வருஷமும் முராதிஃப் என்கிற நான் படைக்கு பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன் என்று ஊருக்கு நினைப்பு. அந்த நினைப்பை ஊட்டியவன் நானேதான். முதல் வருஷம் பீன்ஸ் வேகவைத்தது உண்மை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வசந்தத்தில் தளபதியும் இரண்டு பேரும் நானும் வூச்சா மேட்டுக்கு ஏறிப் போய், பழைய கல்லறைக் கற்களைச் சுற்றிப் பதினொரு கண்ணிவெடி புதைத்தோம். எல்லைப் பக்கமிருந்து எதிரிகள் அந்த வழியாக இறங்குவார்கள் என்று பேச்சு. ஒருவரும் இறங்கவில்லை. அந்தக் கோடையில் தளபதியும் மற்ற இரண்டு பேரும் ஒரே குண்டில் போய்ச் சேர்ந்தார்கள். புதைத்த இடங்களை வரைந்து வைத்த தாளும் தளபதியின் சட்டைப்பையோடு எரிந்தது. மிச்சம் நான் ஒருவன்.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு ஹில்மோவின் தம்பி ரெஜோ மாட்டைத் தேடி மேட்டுக்குப் போனான். போர்வையில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பாவிகள் புதைத்தது என்று ஊரே சபித்தது. நானும் சேர்ந்து சபித்தேன். அவனைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் என் தோளில்தான் இருந்தது.

அப்புறம் வெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். நான்கு எடுத்தார்கள். இன்னும் இருக்கலாம், எதற்கும் இருக்கட்டும் என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மூன்றை அடித்துவிட்டுப் போனார்கள். நான்கும் ஒன்றும் ஐந்து. பதினொன்றில் ஐந்து போனால் ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தம்பி போன துக்கத்தில் ஹில்மோ அப்போது மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே எப்படிச் சொல்வது?

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் புத்திசாலித்தனம் வேறு பண்ணினேன். ஊசியிலைப் பள்ளத்தில் நான் காளான் எடுக்கிற இடம் ஒன்று உண்டு. கீழ் நகரத்துக்காரர்கள் கார் கட்டிக்கொண்டு வந்து, வாரியால் மண்ணோடு பிராண்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மேட்டுப் பாதை பிரிகிற இடத்தில் இருந்த பலகையைப் பிடுங்கி வந்து பள்ளத்து மரத்தில் அடித்துவிட்டேன். மேட்டுக்கு யார் போகப்போகிறார்கள்? எங்கள் ஊர் மாடுகூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாது. அப்படித்தான் நினைத்தேன். மற்ற இரண்டு பலகைகளையும் பனி தின்றுவிட்டது. அந்த வருஷம் என் பரண் கொள்ளாமல் காளான் காய்ந்தது. கெட்டிக்காரன்டா நீ என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகுக்கு ஆயுசு கெட்டி.

போன வருஷம் நடைப்பாதை வந்தது. ஊரிலிருந்து எல்லைக் கணவாய் வரைக்கும் மரத்துக்கு மரம் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் பொட்டு. என் மகள் செனிதா சரயேவோ வேலையை விட்டுவிட்டு வந்து வழிகாட்டியாகச் சேர்ந்தாள். முப்பத்தொரு வயது, என்னைவிட வேகமான நடை, என்னைவிட நீளமான நாக்கு. நடைப்பாதை மேட்டுக்கு ஏறாமல் கீழேயே சுற்றிப் போகிறது என்று தெரிந்தபின்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை. காளானை நறுக்கிப் பரப்பிக்கொண்டிருந்தேன். ஹில்மோ வேலியைத் தாண்டி வந்தான், சிரிப்பு அவனுக்கு முன்னால் வந்தது.

“டேய் சமையல்காரா, உன் குட்டு உடைஞ்சுபோச்சுடா!”

“என்ன குட்டு?”

“பள்ளத்துல தொங்குதே மண்டையோட்டுப் பலகை, அது காளானுக்குக் காவலா நீ அடிச்சதுன்னு உன் பொண்ணுகிட்ட போட்டு உடைச்சுட்டேன். ஸ்லோவேனியாக்காரங்க அஞ்சு பேரைக் கூட்டிட்டு என் வீட்டுல காபி குடிக்க வந்தா. அவங்க சிரிச்ச சிரிப்புல பாதிக் காபி துணியிலதான் போச்சு.”

“அவளும் சிரிச்சாளா?”

“எங்க சிரிச்சா? மூஞ்சி செவந்துபோச்சு. சின்னப் புள்ளையில இருந்து கல்லுப் பக்கம் போகாத, வெடி இருக்குன்னு மெரட்டுவாரே, அதுவும் காளானுக்குத்தானா சித்தப்பான்னு கேட்டா. பாவமா இருந்துச்சு. அங்க இருந்த நாலையும் எடுத்துட்டாங்கம்மா, நான் நின்னு பாத்தேன்னு சொன்னேன். என் தம்பி போன எடம், நான் போறதில்ல, நீ தாராளமா கூட்டிட்டுப் போ. எழுநூறு வருஷத்துக் கல்லு, பாக்க ஆளில்லாம பாசி புடிச்சுக் கெடக்குன்னேன்.”

கத்தி என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“எப்ப கெளம்பினாங்க?”

“ஒரு மணி நேரம் ஆச்சு. ஏன்டா, என்னடா ஆச்சு உனக்கு?”

மேட்டில் செல்போன் எடுக்காது. எடுத்தாலும் மாண்டிநீக்ரோ கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நாட்டுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி அனுப்பும். ஆனாலும் இரண்டு தடவை அழைத்தேன். பிறகு ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் மலையேற்றத்தில் ஓடுவது ஓட்டமே அல்ல, ஆனாலும் ஓடினேன். பின்னாலேயே ஹில்மோ.

“ஒரு பலகைக்காகப் பொண்ணுகிட்ட சண்டைக்கா போற? நில்லுடா, எனக்கு மூச்சு வாங்குது.”

அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். வீட்டுக்குப் போ என்று சொல்லக்கூட மூச்சு இல்லை.

வெயில் ஏறியும் காட்டுக்குள் பனிமூட்டம் விலகவில்லை. பறவை ஒன்றும் கத்தவில்லை. பாதை பிரிகிற இடத்தில் பழைய பீச் மரம். அதன் உடம்பில் நான் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் நான்கு. அதற்குக் கீழே ஈரமண்ணில் கைத்தடி முனைகள் குத்திய தடம், வரிசையாக மேட்டுப் பக்கம். வெடிச்சத்தம் இன்னும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒவ்வோர் அடிக்கும் அதைக் கேட்கப்போகிறேன் என்றே நினைத்துக்கொண்டு ஏறினேன்.

மரங்கள் முடிகிற இடத்தில் நின்றேன். முன்னால் புல்வெளி. முழங்கால் உயரப் புல், அதில் ஆள் உயரக் கற்கள் ஏழு. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவன் மான் செதுக்கிய கல்லுக்கு எதிரே குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் உடைந்த கல்லின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். செனிதா கல்லில் செதுக்கியிருந்த பெரிய உள்ளங்கையின் மேல் தன் கையை விரித்து வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி உள்ளே போனார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அல்லா கை பிடித்துக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

‘வெடி’ என்று கத்தினால் ஆறு பேரும் ஆறு பக்கம் ஓடுவார்கள். நான் உள்ளே நடந்து போனால், இடத்தில் ஒன்றும் இல்லை என்று நானே சான்று சொன்னதாகும். விளிம்பில் நின்றுதான் பேச வேண்டும். பேசினால் அவர்கள் நம்ப வேண்டும்.

“செனிதா. எல்லாரும் இருக்குற எடத்துலயே இருங்க. காலை நகத்தாதீங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் காலையில் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

“என்ன பாபோ, இங்கயும் காளான் மொளைச்சிருக்கா?”

ஸ்லோவேனியாக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் பேச்சு அவர்களுக்கு முக்கால்வாசி புரியும்.

“காளான் இல்லம்மா. மண்ணுக்குள்ள இருக்கு. சத்தியமா இருக்கு.”

“பள்ளத்துலயும் சத்தியமா இருந்துச்சே. ஒம்பது வருஷமா அந்தப் பலகையப் பாத்துட்டு சுத்திச் சுத்திப் போனேனே, நான் என்ன முட்டாளா?”

படம் எடுத்தவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவனுடைய பை மூன்றடி தள்ளி, புல்லில் கிடந்தது. மான் கல்லிலிருந்து வடக்கே நாலடி. முதலாவது அங்கேதான் இருந்தது.

ஹில்மோ வந்து சேர்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். “விடுறா. வெளியூர்க்காரங்க முன்னாடி புள்ளைய அசிங்கப்படுத்தாத. நாலையும் எடுத்தாச்சு, நான் பாத்தேன்.”

“நாலு இல்ல ஹில்மோ. பதினொண்ணு.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

பொய் ஒன்று தயாராக நாக்கில் வந்து நின்றது. அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள், காகிதத்தில் பார்த்தேன், ஏதோ ஒன்று. அதைச் சொல்லிவிட்டு ஹில்மோவோடு இன்னும் இருபது வருஷம் காபி குடித்திருக்கலாம். ஆனால் யாரோ சொன்னார்கள் என்பதற்கு என் மகள் நிற்கமாட்டாள். அந்த ஆள் பையை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டான்.

“நான்தான் பொதைச்சேன்” என்றேன். “என் கையால. பையை எடுக்காதப்பா, அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு.”

அவன் அப்படியே நின்றான். செனிதா கல்லிலிருந்து கையை எடுத்தாள். என் தோளைப் பிடித்திருந்த கையும் விலகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லாமல் அவர்களை வெளியே கொண்டுவர முடியாது. மான் கல்லிலிருந்து வடக்கே நாலடி, ஒன்று. வேலைப்பாடு இல்லாத கல்லுக்கும் கைக் கல்லுக்கும் நடுவில், இரண்டு. எடுத்ததையும் சொன்னேன், எடுக்காததையும் சொன்னேன். ஒன்பதாவது கீழ்ச்சரிவில் முள்செடிக்கு வலப்பக்கம், பத்தாவது பாறைக்கு இடப்பக்கம், பதினொன்றாவது அந்தப் பாறைக்கு வலப்பக்கமாக இறங்கினால் நேர் கீழே. முப்பது வருஷமாக யாருக்கும் சொல்லாததைப் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்திருந்தால் மனுஷனாக இருந்திருப்பேன்.

ஏழாவதை உடைந்த கல்லைப் பார்க்காமல் சொன்னேன். “உடைஞ்ச கல்லுக்குப் பின்னால ரெண்டடி. அது இப்ப இல்ல.”

ஏன் இல்லை என்று ஹில்மோ கேட்கவில்லை.

நாங்கள் அன்று வந்து போவதற்கு மேற்கே ஓர் ஆள் வழி விட்டிருந்தோம். கற்களைத் தொட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக அந்த வழியாக வரச்சொன்னேன். ரொட்டி தின்ற பெண்களில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். செனிதா எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தாள். என்னைக் கடந்து போனாள், தொடவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள எனக்குக் கை பரபரத்தது. அந்த உரிமை என்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

“முராதிஃப்” என்றான் ஹில்மோ. முப்பது வருஷத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ரெஜோ விழுந்த எடத்தக் காட்டு. முன்னாடி நட.”

நடந்தேன். உடைந்த கல்லுக்குப் பின்னால் புல் மூடிய சின்னப் பள்ளம். ஹில்மோ இரண்டு கையையும் ஏந்தி, தம்பிக்காகப் பாத்திஹா ஓதினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் ஆமீன் சொல்ல வாயெடுத்தேன்.

“நீ சொல்லாத” என்றான்.

சொல்லிவிட்டு, வந்த வழிக்குத் திரும்பாமல் நேராகக் கீழ்ச்சரிவில் இறங்கினான். அடியில் நடைப்பாதை தெரிந்தது.

“ஹில்மோ! அந்தப் பக்கம் வேணாம், வந்த வழியில வா!”

“நீ சொல்ற வழியில இனி ஒரு அடி வைக்க மாட்டேன்டா. இருபத்தாறு வருஷம் என் தம்பி பேரச் சொல்லி எங்கூட அழுதியே!”

எதிரே முள்செடி வந்தது. “இடது பக்கம் போ!” என்று கத்தினேன். அவன் வேண்டுமென்றே வலது பக்கம் திரும்பினான். ஒன்பதாவதற்கும் அவன் காலுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். வெடிக்கவில்லை.

அப்போது எனக்குப் புரிந்தது. பாறை வந்தது. “இடது!” என்றேன். வலது பக்கமாகப் போனான். “அப்படியே நேரா எறங்கு!” என்றேன். சட்டென்று விலகிச் சாய்வாக நடந்து, நடைப்பாதையில் போய் நின்றான். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு ஊர்ப்பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வெளியே வந்தபோது செனிதா மர விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.

“பத்தாவது பாறைக்கு இடது பக்கம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“பாறைக்கு வலது பக்கமா எறங்குனா, நேர் கீழ பதினொண்ணாவது.”

“ஆமாம்மா.”

“அப்புறம் ஏன் சித்தப்பாவ இடது பக்கம் போகச் சொன்னீங்க? ஏன் நேரா எறங்கச் சொன்னீங்க?”

அவன் நான் சொல்வதற்கு எதிராகத்தான் போவான், அதனால்தான் மாற்றிச் சொன்னேன், அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இரண்டு தடவை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, தான் கூட்டி வந்தவர்களைத் தன் பின்னால் நிறுத்தி, என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவர்களோடு நன்றாகத் தள்ளி நடந்து வந்தாள்.