அக்கா, எந்தக் கல்?

"நான் ஒண்ணும் தப்பா அடிக்கல..."

"அக்கா, நானும் அதத்தானே சொல்றேன், நீங்க..."

"ராபினு, நாப்பது பார், கல். எழுத்துக்கு எழுத்து அடிச்சேன்!"

"அடிச்சது சரிதாங்க்கா, அது எடுத்துக்கிட்டதுதான்..."

"அதுன்னா எது? அதுக்குக் கையா, காலா? எழுதினவ நீ. அப்போ எடுத்துக்கிட்டதும் நீதான்!"

அந்தமானில், ரங்கத் பஜாருக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் பிளான்ட்டின் சின்ன ஆபீஸில், ஆக்சிலியா தன் பொறுப்பிலிருந்த சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். படகுக்காரர்களுக்கு ஐஸ் பதிந்து கொடுப்பது ஒன்பது வருஷமாக அவள் வேலை. ஒருநாள்கூட ஒரு பார் ஐஸ் மாறிப் போனதில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான் சங்கவி தன் கையால் எழுதிய புரோகிராமை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது, ஐஸ் ஈரத்தில் இரண்டு மவுஸ் ஏற்கெனவே செத்திருந்தன. பேர், எத்தனை பார், எந்த நாள் என்று ஒரு வரி தட்டினால் போதும். மெயின்லேண்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சங்கவி, சொந்த ஊருக்கென்று எழுதிய முதல் புரோகிராம் இது. ஊர் பேசுகிற மாதிரியே இருக்கட்டும் என்று ஆசையாக, இன்றுக்கு 'ஆஜ்', அப்புறம் 'கல்' எல்லாம் சேர்த்திருந்தாள்.

அந்தக் 'கல்'தான் காலை வாரியது. தீவில் தமிழனும் வங்காளியும் மலையாளியும் பேசிக்கொள்ளும் இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். பேச்சில் பின்னாலேயே ஒரு வினைச்சொல் வந்து காப்பாற்றிவிடும். கறுப்புத் திரையில் வினைச்சொல் ஏது? விட்டுப்போனதைப் பிறகு பதியத்தானே கேட்பார்கள் என்று நினைத்து, சங்கவி அதை நேற்று என்றே எழுதிவிட்டாள். மூன்று வாரமாக எல்லாரும் அன்றன்றைக்கே ஐஸ் கேட்டதால் அது வெளியே தெரியவில்லை. ராபின் நேற்று வந்து நாளைக்கென்று கேட்ட நாற்பது பாரும் முந்தின நாள் கணக்கில் போய்ப் படுத்துக்கொண்டன. இன்று காலை அவன் டிங்கிப் படகோடு வந்து நின்றபோது ஒரு பார் கூட இல்லை. அடுத்த ஐஸ் எடுக்க மத்தியானம் ஆகும். ஒரு நாள் கடல் போச்சு. "அக்கா தூங்கிட்டாங்கபோல" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புதான் ஆக்சிலியாவுக்குப் பொறுக்கவில்லை.

"முதலாளி வரட்டும், சொல்லிட்டுப் போயிருதேன். எனக்கு இது ஆகாது."

இவள் போனால் புரோகிராம் இருந்து என்ன பிரயோஜனம் என்று சங்கவிக்குப் பட்டது. தன் பிழைக்கு இன்னொருத்தி வேலையை விடுவதா? "முதலாளி வர்ற வரைக்கும் உக்காந்து, எப்பவும் அடிக்கிற மாதிரி அடிங்கக்கா. நான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றாள்.

ஆக்சிலியா வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். தட்டினாள். என்டரை அழுத்துமுன் கண்ணை இறுக மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்! அழுத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னாச்சுக்கா? சரியாத்தானே பதிஞ்சிருக்கு."

"ஒண்ணுமே சொல்லலியே."

"சரியா நடந்தா ஒண்ணும் சொல்லாதுக்கா."

"எங்க வீட்டுல லூர்துநாதன் ஒண்ணுமே சொல்லலன்னா கொழம்புல உப்பு இல்லன்னு அர்த்தம்."

சங்கவிக்குச் சுருக்கென்றது. வேலை முடிந்தால் வாயை மூடிக்கொள்வதுதான் அவள் படித்த படிப்பில் நாகரிகம். மூன்று வாரமாக இந்த மனுஷி ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோபக்காரப் புருஷனுக்கு முன்னால் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

"தப்பா அடிச்சா?"

"அப்பத்தான் வாயத் தொறக்குமே! 'தவறான கட்டளை'ங்கும். எனக்குத் தெரிஞ்ச கட்டளை பத்துதான். அதுல நான் எத மீறினேன்?"

சங்கவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்சிலியாவும் முறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். சங்கவி லேப்டாப்பைத் திறந்தாள்.

"உங்கள யாராவது என்னன்னு கூப்பிட்டு சொன்னா பயம் இல்லாம இருக்கும்?"

"அக்கான்னுதான். வேற எப்படி? இந்தக் கம்ப்யூட்டரு நான் சேந்த பொறவு வந்தது."

"நீங்க லீவுல போனா மீனா உக்காருவாளே? அவளுக்கு இருபது வயசுதான்."

"அவளும் அக்காவா இருந்துட்டுப் போகட்டும். கொறஞ்சா போயிருவா?"

மத்தியானம்வரை சங்கவி புரோகிராமை மாற்றி எழுதி, பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆக்சிலியா தன் டிபனில் பாதியைத் தள்ளிவைத்தாள். முதலாளி போன்செய்து சாயங்காலம்தான் வருவேன் என்றார். அதற்குள் ராபின் ஐஸ் எடுக்க வந்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அக்கா, கல்லுக்கும் ஒரு நாப்பது போடுங்க. முழிச்சிருக்கீங்களா?"

ஆக்சிலியா நகரவில்லை. சங்கவியே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பதற்றத்தில் ராபின் பேரையே தப்பாக அடித்தாள். திரை, 'அக்கா, இந்தப் பேர் எனக்குத் தெரியலை. ராபினா? மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு' என்றது.

"அரே, தள்ளு பிள்ள. பேரு அடிக்கத் தெரியல, புரோகிராம் எழுத வந்துட்டா."

ஆக்சிலியா தட்டினாள். கண்ணை மூடவில்லை.

'அக்கா, எந்தக் கல்? போன கல்லா, வர்ற கல்லா?'

அவள் திரையைப் பார்த்தாள், ராபினைப் பார்த்தாள், குரலை உயர்த்தினாள். "ஏலே, அது கேக்குதுல்லா? போன கல்லா, வர்ற கல்லா?"

"போன கல்லுக்கு ஐஸ் வாங்கி என்னக்கா பண்ண, தலையில வச்சுக்கவா?"

"வச்சுக்கோ. காலையில பேசின பேச்சுக்கு."

வெளியே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராபினும் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆக்சிலியா 'வர்ற கல்' என்று தட்டினாள். 'ராபினுக்கு நாற்பது பார், நாளைக் காலைக்கு. எழுதியாச்சு அக்கா' என்றது திரை. ஆக்சிலியா அதை ஒருதரம் மனசுக்குள்ளும் ஒருதரம் வாய்விட்டும் படித்தாள்.

சாயங்காலம் வெளியே முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆக்சிலியா டிபன் பாத்திரத்தைக் கழுவிப் பையில் போட்டாள். சாவி மட்டும் காலையில் வைத்த இடத்திலேயே மேசைமேல் கிடந்தது. சங்கவி அதையே பார்த்தாள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்க நினைத்ததில் பாதிதான் வெளியே வந்தது.

"அக்கா... கல்?"

ஆக்சிலியா ஈரக் கையைச் சாவிமேல் வைத்தாள்.

"போன கல்லா, வர்ற கல்லா?"