யார் வீட்டு ஜெனரேட்டர்?

அந்தத் தீவில் பூட்டு விற்க வந்தவன் எவனும் பிழைத்ததில்லை. கதவு இருப்பதே ஆடு உள்ளே வராமலிருக்கத்தான் என்பது அங்குள்ளவர்களின் எண்ணம். படகுத்துறையில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வேண்டியவர் எடுப்பார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். கயிறு, துடுப்பு, பெட்ரோல் கேன் எல்லாமே அப்படித்தான். ஒரு பொருளைக் காணோமென்றால், "யாராவது எடுத்திருப்பாங்க" என்பார்கள். வேறு ஊரில் இதைச் சொல்லிவிட்டுப் போலீசுக்கு ஓடுவார்கள். இங்கே சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

இந்தப் பெருமையைத் தண்டோரா போடாத குறையாகப் பேசித் திரிந்தவர் படகுக்காரர். தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஆள் ஏற்றுகிற படகு அவருடையது. நல்ல மனுஷன். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஓடிப்போய் ஒரு கை பிடிப்பார். அவர் படகில் இருந்த எஞ்சின்தான் ஊரிலேயே பலமானது. காற்றுக் காலத்தில் மற்ற படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது அது ஒன்றுதான் நடுக்கடல் நீரோட்டத்தைத் தாண்டும். தாண்டியே ஆக வேண்டும். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எஞ்சின் ஓடினால் அவள் ஓடுவாள். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவியின் தங்கை தையல்காரி. படகுத்துறை முனையில் கடை, ஜன்னலோரம் மிஷின், ஜன்னலுக்கு வெளியே கடல். யார் இறங்கினாலும் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டுவாள். "யாரு? எங்கேர்ந்து வர்றீங்க? யார் வீட்டுக்கு? அவங்க ஊர்ல இல்லையே, தெரியாதா?" பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வந்த சம்பந்தியையே நிற்கவைத்துக் கேட்டவள். படகுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் 'கேள்விக்குறி'. முதலில் வீட்டுக்குள் சொன்னார், பிறகு ஊரே சொன்னது. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பதை விடவில்லை.

ஒருநாள் கடலோரக் காவலிலிருந்து ஒரு போலீசம்மா வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். பக்கத்துத் தீவுகளில் எஞ்சின் திருட்டு, வலைத் திருட்டு, பகலிலேயே சகஜமாக வந்து போகிற கும்பல் என்று படம் போட்டுக் காட்டினார். "முன்பின் தெரியாதவங்க வந்தா மரியாதையா ரெண்டு கேள்வி கேளுங்க. நல்லவங்க கோச்சுக்க மாட்டாங்க. பதில் சரியில்லேன்னா நீங்க போய் மல்லுக்கட்ட வேணாம், எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

படகுக்காரர் எழுந்தார். "அம்மா, எங்க ஊருக்கு வந்தவனுக்கு நாங்க தண்ணி குடுப்போம். கேள்வி குடுக்க மாட்டோம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போலீசம்மாவும் சிரித்துவிட்டார். "தண்ணியையும் குடுங்க, குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கேள்வியையும் கேளுங்க. அப்புறம், எஞ்சின் மூடிக்கு உள்பக்கம் ஏதாவது ஒரு அடையாளம் கீறி வைங்க. திருட்டுப் போனா உங்களுதுன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்ல?"

"எஞ்சினுக்குப் பச்சை குத்தச் சொல்றாங்கப்பா" என்று படகுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. கூட்டம் முடிந்ததும் போன் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கரை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிள்ளைகள் அதை ஆட்டின் கொம்பில் ஒட்டி விளையாடினார்கள். தையல்காரி மட்டும் தன் மிஷினின் தலையில் ஒட்டிக்கொண்டாள்.

காற்றுக் காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். நீர் வற்றிப்போய், படகுக்காரரின் படகு வழக்கமாக நிற்கிற கழிமுகம் வெறும் சேறாகக் கிடந்தது. நீர் ஏறும்வரை வேலையில்லை என்று அவர் மைத்துனியின் கடை வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரி நாள்.

அப்போது ஊர்த் தள்ளுவண்டியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் தார்ப்பாய் சுற்றி இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை. ஒருவனுக்கு மணிக்கட்டில் பெரிய கட்டு. துறையில் நின்ற ஒரு நீலப் படகருகே வண்டியை நிறுத்திவிட்டு, கட்டுப் போட்டவன் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். அதைப் பார்த்தபின் படகுக்காரருக்கு உட்கார முடியுமா?

"இருங்க தம்பி, நான் பிடிக்கிறேன்" என்று எழுந்து போனார்.

ஜன்னலில் மிஷின் நின்றது. தலை வெளியே வந்தது. "என்னங்க அது மூட்டை?"

"ஜெனரேட்டர்மா. ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறோம்."

"யார் வீட்டு ஜெனரேட்டர்?"

கட்டுப் போட்டவன் ஒரு நொடி யோசித்தான். "டீச்சர் வீட்டுது."

"டீச்சர் வீட்டுல ஏது ஜெனரேட்டர்? நேத்து ஜாக்கெட் குடுக்கப் போனேன், கரண்ட் போயிடுச்சுன்னு மெழுகுவத்தியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே?"

"அதான் ரிப்பேர்னு சொல்றோம்ல?" என்றான் மற்றவன் பட்டென்று.

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. "எந்த மெக்கானிக்கிட்ட கொண்டுபோறீங்க? படகு நம்பர் என்ன, பெயிண்ட் இப்பதான் அடிச்ச மாதிரி ஈரமா இருக்கு?"

படகுக்காரருக்கு மானம் போயிற்று. ஊருக்கு வந்தவர்களை, அதுவும் கை ஒடிந்தவனை, நடுத்துறையில் நிறுத்தி விசாரணை! "போதும் நிறுத்து! வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் நீ என்ன கலெக்டரா? உள்ள போய் உன் வேலையைப் பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் துறையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முகம் சுருங்கியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. அவ சுபாவம் அப்படி. மனசுல ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே படகுக்காரர் மூட்டையின் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். நல்ல கனம். நல்லபடியாகப் படகில் இறக்கி, அலையில் ஆடாமலிருக்கத் தன் கையாலேயே ஒரு முடிச்சும் போட்டுக் கொடுத்தார். அவர் முறுக்கிய புதுக் கயிறுதான். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். படகு கிளம்பியதும் கையாட்டினார்.

நீர் ஏறியபின் மறுநாள் பயணத்துக்குப் படகைத் தயார் செய்யக் கழிமுகத்துக்குப் போனார். படகு இருந்தது. எஞ்சின் இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

ஊர்ப் பழக்கம் லேசில் விடுமா? முதலில் அவருக்கும் 'யாராவது எடுத்திருப்பாங்க' என்றுதான் தோன்றியது. பிறகுதான் பெட்ரோல் குழாயைப் பார்த்தார். கழற்றவில்லை, கத்தியால் அறுத்திருந்தது. கழிமுகம் வற்றியிருக்கும்போது எஞ்சினைப் படகில் கொண்டுபோக முடியாது. கொண்டுபோவதானால் தள்ளுவண்டியில் வைத்து, துறைவரை தள்ளி...

அந்தக் கனம்! வருஷம் தவறாமல் சர்வீசுக்குத் தூக்கி இறக்குகிற கனம். தோளுக்குத் தெரிந்திருக்கிறது, மண்டைக்குத்தான் ஏறவில்லை. திருடனுக்கு விளக்குப் பிடித்தவனையாவது மன்னிக்கலாம்; இவர் மூட்டையே கட்டிக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, கையாட்டி வழியனுப்பியிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின நாள் எப்போதும் அப்படித்தான். அந்தப் பாதங்களைப் பார்த்ததும் அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னங்க? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"எஞ்சின் போச்சு. நானே... நானே தூக்கிக் குடுத்துட்டேன்மா."

அவள் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கும்போதே தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். கையில் போன். "மாமா, திட்டாதீங்க. நீங்க அவ்ளோ சொல்லியும் கேக்காம நான் அந்த நம்பருக்குப் பேசிட்டேன். கட்டுப் போட்டிருந்தான்ல, அவன் அதே கையாலதான் எஞ்சின் கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணினான். ஜன்னல் வழியா பார்த்தேன். மனசு கேக்கல. நீலப் படகு, ஈர நம்பர், எல்லாத்தையும் சொன்னேன். இப்ப போலீசம்மா லைன்ல இருக்காங்க. அக்கரை முகத்துவாரத்துல மடக்கிட்டாங்களாம். தார்ப்பாய்க்குள்ள ஜெனரேட்டர் இல்லையாம், எஞ்சினாம். யாருதுன்னு கேக்கறாங்க."

படகுக்காரர் போனை வாங்கவில்லை. அவள் கையையே போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என்னுதும்மா" என்றார் போனைப் பார்த்து. "உங்க அக்கா உயிரும்மா" என்றார் அவளைப் பார்த்து.

மறுநாள் காலையில் காவல் படகு துறைக்கு வந்தது. ஊரே கூடி நின்றது. நடுவில் எஞ்சின், அதே தார்ப்பாயில், அதே புதுக் கயிற்றில்.

"முடிச்சு பிரமாதம். எங்க ஆளுங்களால அவிழ்க்கவே முடியல, தார்ப்பாயை ஓரமா விலக்கித்தான் உள்ள பார்த்தாங்க" என்றார் போலீசம்மா. படகுக்காரர் தரையைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு சிக்கல். இது தங்களோட எஞ்சின்னு அந்த ரெண்டு பேரும் சாதிக்கிறாங்க. நம்பர் தகட்டைப் பிடுங்கிட்டாங்க. பழைய ரசீது ஏதாவது இருக்கா?"

ரசீதா? காற்றில் எந்தக் காலத்தில் பறந்ததோ! "அடையாளம் ஏதாவது?" என்று போலீசம்மா கேட்டபோது, பச்சை குத்துவதைப் பற்றித் தான் அடித்த ஜோக் படகுக்காரரின் காதிலேயே திரும்ப ஒலித்தது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கம்மா." அவர் மனைவி, தங்கையின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

படகுக்காரர் முடிச்சை அவிழ்க்க, போலீசம்மா எஞ்சின் மூடியைக் கழற்றித் திருப்பினார். உள்பக்கம், ஊசியால் பொறுமையாகக் கீறிய எழுத்துகள், கோணல்மாணலாக. ஒரு பெண்ணின் பெயர். "யார் பெயர் இது?"

"என் பெயர்தாங்க. கூட்டம் முடிஞ்ச மறுநாள் இவர் தூங்கும்போது நானும் தங்கச்சியும் போய்க் கீறினோம். சொன்னா சிரிப்பாருன்னு சொல்லல."

போலீசம்மா மூடியைத் திரும்ப மாட்டினார். "இதுக்கு மேல சாட்சி வேணாம். எடுத்துக்குங்க ஐயா. கோர்ட்டுல கூப்பிட்டா மட்டும் கொண்டுவந்து காட்டணும்."

எஞ்சினை இறக்க ஊரே கை கொடுத்தது. யார் யாரோ குழாய் கொண்டுவந்தார்கள், யாரோ பெட்ரோல் ஊற்றினார்கள். படகுக்காரர் மட்டும், தையல்காரி திரும்பிப் போயிருந்த கடையின் ஜன்னலுக்குப் போனார். நேற்று நாலு பேர் முன்னால் திட்டினார் அல்லவா, இன்று ஊர் முன்னால் சொன்னார்: "உன்னை நான் கேலி பண்ணினது தப்பு. நேத்து அதட்டினது அதைவிடப் பெரிய தப்பு. நீ என் பேச்சைக் கேக்காம இருந்தே பாரு, அதுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம். இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்."

"போங்க மாமா, அக்காவுக்கு நேரமாச்சு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துறைக்கு ஓடிவந்தாள்.

மனைவி படகில் ஏறி உட்கார்ந்தாள். காற்று சற்றே அடங்கியிருந்தது. படகுக்காரர் எஞ்சின் கயிற்றில் கை வைத்தபோது கரையிலிருந்து ஆரம்பமாயிற்று. "அக்கா, மிதவைச் சட்டை போட்டியா? மாமா, போன்ல சார்ஜ் இருக்கா? எந்த வழியா போறீங்க? எப்ப திரும்புவீங்க? லேட்டானா யாருக்கு முதல்ல சொல்வீங்க?"

வழக்கமாக இரண்டாவது கேள்விக்கே எஞ்சினை முடுக்கி அவள் குரலை அமுக்கிவிடுகிறவர் அவர். இன்று கயிற்றை விட்டார். மனைவியின் சட்டை வாரை இழுத்துக் காட்டினார். போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார். வழியைச் சொன்னார், திரும்பும் நேரத்தைச் சொன்னார், "உனக்குத்தான் முதல்ல சொல்வேன்" என்றார். ஒன்றுவிடாமல், கேட்ட வரிசையிலேயே.

இத்தனை வருஷத்தில் அவள் கேள்விக்கெல்லாம் யாரும் முழுசாகப் பதில் சொன்னதே இல்லை.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் படகுக்காரர்.

"இல்ல மாமா. அவ்ளோதான்."

"யோசிச்சுப் பாரு. இருந்தா கேளு. நாங்க நிக்கிறோம்."