நான்கிலிருந்து ஒன்பதுக்கு

அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் பத்து வரியில் எழுதும் கணினி நிரலை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். கைதட்டத்தான் ஆள் இருக்காது.

அரசு நர்சுகளின் இடமாற்றத்துக்கான இணையதளம் அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் ஆணை அச்சடிக்க ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலுக்குள் ஒரு குட்டி நிரல். எந்த நர்ஸ், எங்கிருந்து, எங்கே என்று மூன்று விஷயம் சொன்னால் அது அச்சடித்துவிடும். சொல்வதற்கு, அவர்கள் நிரல் எழுத அடித்தளமாக வைத்திருந்த ஃபிரேம்வொர்க்கில் இரண்டு வழி உண்டு. 'நர்ஸ் = 1187, பழைய இடம் = 4, புதிய இடம் = 9' என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். அல்லது '1187, 4, 9' என்று வரிசையாகப் போட்டுவிட்டு, எது எதுவென்று ஃபங்ஷனுக்குத் தெரியும் என நம்பலாம். சுருக்கர் எந்த வழியில் போனார் என்று சொல்லத் தேவையில்லை.

நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண்தான் கேட்டாள். "சார், இதுல நாலு பழசா, ஒன்பது பழசா? பேரைப் போட்டுடுங்களேன்."

"வரிசை தெரியாதவங்க எல்லாம் ஏம்மா இந்த வேலைக்கு வர்றீங்க? ஊட்டி விடணுமா?"

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். சம்பள உயர்வுக்கு அவர்தான் சிபாரிசு எழுத வேண்டும்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த 1187 அவருடைய சொந்த மனைவி. நான்காம் எண் மருத்துவமனை எட்டு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்தது. ஒன்பதாம் எண் அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கல்யாணமான மறுமாதமே அவளுக்கு நான்காம் எண்ணில் வேலை கிடைத்து, மூன்று வருடமாக இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரிந்தது. இடமாற்றம் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். தேர்வான இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி என்று தெரிந்த அன்று, மனிதர் அலமாரியில் பாதியைக் காலி செய்து, வெறும் ஹேங்கர்களை மாட்டிவைத்தார். அத்தனை ஆசை.

இதற்கிடையில் ஃபிரேம்வொர்க் புதிய பதிப்புக்கு மாறியது. குழுவில் ஒருவர் கையோடு அந்த ஃபங்ஷனை ஒழுங்குபடுத்தி, புதிய இடத்தை முன்னாலும் பழைய இடத்தைப் பின்னாலும் வைத்தார். எல்லோருக்கும் மின்னஞ்சலும் அனுப்பினார். நீளமான மின்னஞ்சல், சுருக்கர் படிப்பாரா? அந்த ஃபங்ஷனை நிரலுக்குள் இருபத்தேழு இடத்தில் கூப்பிட்டுப் பயன்படுத்தியிருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட இருபத்தாறுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மிச்சம் ஒன்று நம்மவருடையது. ஆணைகள் அச்சானது அங்கேதான்.

ஆணைகள் போன அன்று காலை மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, ஆர்டர் வந்துடுச்சு."

"அப்பாடா! எப்போ கிளம்புறே?"

"எங்கே கிளம்புறது? நான் உங்க ஊர் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேனாம். அங்கேருந்து இங்கே மாத்தியிருக்காங்களாம். இங்கே எல்லாருக்குமே அப்படித்தான் வந்திருக்கு."

சுருக்கர் போனை வைத்த கையோடு நிரலைத் திறந்து பார்த்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவரின் முகம் எப்படி இருக்கும் என்று டெஸ்டர் பெண் அன்று பார்த்துக்கொண்டாள்.

நிரலைத் திருத்த ஒரு நிமிடம் ஆயிற்று. ஆணையைத் திருத்த சுகாதாரத் துறை அதிகாரியிடம் போக வேண்டியிருந்தது.

"கையெழுத்தான ஆர்டர் தப்பா இருக்காது தம்பி," என்றார் அதிகாரி. "நர்சுங்கதான் தப்பான இடத்துல நிக்கிறாங்க."

"இல்ல சார், ஃபிரேம்வொர்க் மாறினதுல ஒரு சின்னக் கோளாறு..."

"மெஷின் கோளாறா? அப்போ கமிட்டி போடணும். ஒரு வருஷம் ஆகும். ஆள் தப்புன்னா அந்த ஆள் எழுதிக் கொடுக்கட்டும், இன்னைக்கே ரத்து பண்ணிட்டு வேற ஆர்டர் தர்றேன். ஆனா அந்தக் கடுதாசியை எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒட்டுவோம். யாரு தப்புன்னு நர்சுங்க கேக்கறாங்கல்ல?"

ஒரு வருடம்தானே, ஓடிவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கங்கெட்ட நினைப்பு. அலமாரியில் தொங்கும் ஹேங்கர்கள் நினைவுக்கு வந்தன. பேனாவை எடுத்து, 'தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறேன்' என்று எழுதி நீட்டினார்.

அதிகாரி திருப்பித் தள்ளினார். "யாரு பண்ணினது? என்ன தப்பு? ஒண்ணுமே இல்லையே இதுல?"

இரண்டாவது தாளில் தன் பெயரை எழுதினார். வரிசை போதும் என்று தான் அடம் பிடித்ததை எழுதினார். டெஸ்டர் பெண் எச்சரித்ததையும், தான் அவளிடம் பேசிய பேச்சையும் எழுதினார். ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே நீளமானது அதுதான். கையெழுத்துப் போடும்போது காது சிவந்திருந்தது.

மறுநாள் மதியம் மனைவியிடமிருந்து போன்.

"உங்க கடுதாசியை எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. கூட்டம் தாங்கல. யாருடி இந்த மேதாவின்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னுட்டேன்."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பொய் இல்லையே? மூணு வருஷத்துல எத்தனை நாள் பாத்திருப்பேன் உங்களை?" அவள் ஒரு தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "புது ஆர்டர் கையில இருக்கு. திங்கக்கிழமை வந்து தெரிஞ்சுக்கிறேன்."